நான்காவது துப்பாக்கி

அக்கா யாரைப் பார்த்தாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பார். முகம், பெயர், ஊர் எல்லாம் அதற்குப் பிறகுதான். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வாடகைக்கு எடுத்திருந்த மாடி வீட்டின் இரண்டாவது அறையைப் பார்க்க வந்த அன்றும் அப்படித்தான். தண்ணீர்க் குழாய், மின்சாரக் கட்டணம், யார் எந்த நாளில் சமைப்பது என்று நான் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கே உரிய ஒழுங்கோடு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த முன்பல்லு கட்டின பல்லோ?" என்று கேட்டார்.

"ஆமாங்க்கா. சின்ன வயசுல சைக்கிள்ல இருந்து விழுந்துட்டேன். எப்படித் தெரிஞ்சுது?"

"லைட்டைப் போட்டு நிறம் பார்த்திருக்கினம். பகல் வெளிச்சத்தில பார்க்கேல்லை. கிட்ட வந்திருக்குது. ஆனா அதில்லை."

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பல்லோடு எட்டு வருடம் சிரித்திருக்கிறேன், கிள்ளானில் ஒருத்தர்கூடக் கண்டுபிடித்ததில்லை. இந்த அம்மாவுக்கு அறை கிடையாது என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன். ஆனால் அடுத்த மாதமே அவர் குடிவந்தார், ஆறு மாதத்தில் என் முன்பல்லையும் மாற்றிக் கொடுத்தார். அந்த மாதிரி ஆள் அவர். கோபித்துக்கொள்ளலாம், நீண்ட நாள் கோபமாக இருக்க முடியாது.

அரசாங்கப் பல் மருத்துவமனை ஒன்றின் பின்னறையில் அவருக்கு வேலை. பல் கட்டுகிற வேலை என்று நாம் சொல்கிறோமே, அதில் பல்லை உண்மையில் செய்கிறவர் அவர்தான். மருத்துவர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார், அக்கா அதைப் பார்த்து மெழுகிலும் அக்ரிலிக்கிலும் பல் செய்து திருப்பி அனுப்புவார். யாழ்ப்பாணத்து வம்சம். தாத்தா காலத்திலேயே ரயில்வே குமாஸ்தா வேலைக்கு வந்துவிட்டார்களாம். அக்கா பிறந்தது, படித்தது எல்லாம் கோலாலம்பூரில். ஆனாலும் வாயைத் திறந்தால் அந்த ஊர்ப் பேச்சுதான் வரும். என்னை 'டீச்சர்' என்பார், 'நீர்' என்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அவருக்கு எந்தப் பொருளையும் தனியாகப் பார்க்கத் தெரியாது. ஒன்றைப் பார்த்தால் அதன் பக்கத்தில் இன்னொன்றை வைத்தாக வேண்டும். இரண்டு கடைப் புட்டு, இரண்டு ரயில் நிலையத்து மணி, ஒரே ஜவுளிக்கடையில் எடுத்த இரண்டு கறுப்புப் புடவை, எதையும் விடமாட்டார். "நல்லா இருக்கு" என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. மிகவும் பிடித்துவிட்டால் "கிட்ட வந்திருக்குது" என்பார். அதுவே பெரிய பரிசு.

இதனால் சங்கடமும் உண்டு. கீழ்வீட்டு அம்மா தன் காலஞ்சென்ற கணவரின் புகைப்படத்தைக் கொடுத்து, ஓவியரை வைத்துப் பெரிய படமாக வரைந்து வாங்கினார். தெருவே வந்து பார்த்து, "அப்படியே அவரேதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனது. அந்த அம்மா ஆசையாக அக்காவையும் கூப்பிட்டார். போகிற வழியில் படிக்கட்டிலேயே நான் அக்காவின் கையைப் பிடித்துச் சொன்னேன், "அக்கா, தயவுசெஞ்சு நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க." அக்கா தலையாட்டினார். உள்ளே போனார். படத்தைப் பார்த்தார். புகைப்படத்தைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"காது அவரின்ர இல்லை," என்றார்.

அந்த அம்மா மூன்று மாதம் எங்களோடு பேசவில்லை. மாடிக்கு வருகிற தண்ணீரைக்கூட அவர்தான் அடைத்து வைக்கிறாரோ என்று நான் சந்தேகப்பட்டேன். "ஒரு வார்த்தை பொய் சொன்னா என்ன குறைஞ்சு போயிடும்?" என்று அக்காவிடம் சண்டைகூடப் போட்டேன். அவருக்கு உண்மையாகவே வருத்தம். "சொல்லத்தான் பார்த்தனான் டீச்சர், வாய் வரேல்லை," என்றார். ஒரு பொய் சொல்ல நம் ஆட்கள் சாதாரணமாக இவ்வளவு கஷ்டப்பட மாட்டார்கள்.

ஆனால் அதே குணம்தான் இன்னொரு விதமாகவும் வரும். மஸ்ஜித் இந்தியா பக்கம் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர் தன் அம்மாவுக்கு முழுப் பல்செட் கட்ட வந்தார். அம்மாவின் இளவயதுப் படம் ஒன்றை அக்கா கேட்டு வாங்கினார். படத்தில் அந்த அம்மாவுக்கு முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு நெல்மணி நுழைகிற அளவு இடைவெளி. அக்கா அந்த இடைவெளியோடு பல்செட்டைச் செய்துவிட்டார். குறையை யாராவது காசு கொடுத்துக் கட்டுவார்களா என்று மருத்துவர் கத்தியிருக்கிறார். அந்த அம்மா அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்துவிட்டு, அக்காவின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். பெருநாளுக்குப் பெருநாள் எங்கள் வீட்டுக்குப் பிரியாணி வந்துகொண்டிருந்தது அதனால்தான்.

இனித் துப்பாக்கிக்கு வருகிறேன்.

அக்காவுக்கு ஒரே ஓர் ஆங்கிலப் படம் பிடிக்கும். விண்வெளிக் கதை. சரக்குக் கப்பல் ஒன்றில் தனியாக வேலை செய்கிற மெக்கானிக் பெண், வெளியே இருட்டு, கதவுக்கு அந்தப் பக்கம் என்னவோ ஒன்று. பெரிதாக ஓடாத படம். அதை அக்கா தியேட்டரில் ஒன்பது தடவை பார்த்தாராம், பிறகு வீடியோ கேசட்டாக வாங்கிவிட்டார். அந்தப் பெண்ணிடம் ஒரு துப்பாக்கி இருக்கும். குட்டையான குழல், அதில் இரண்டு பித்தளை வளையம், தந்தத்தின் நிறத்தில் பிடி, பக்கவாட்டில் எதற்கென்றே தெரியாத ஒரு சின்ன நெம்புகோல். படம் முழுக்க அதை மூன்றே தடவைதான் கையில் எடுப்பாள். ஒரு தடவைகூடச் சுடமாட்டாள்.

அந்தத் துப்பாக்கியின் நகல்களை அக்கா சேர்த்து வைத்திருந்தார். உலகத்தில் இப்படி ஒரு பித்து இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். முதலாவது ஜப்பானில் இருந்து துண்டுகளாக வந்து, ஒட்டி வர்ணம் பூச வேண்டியது. இரண்டாவது அமெரிக்காவில் இருந்து தபாலில் வந்த உலோகம், தூக்கினால் கை வலிக்கும். மூன்றாவது சிலாயாங்கில் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய பச்சை நிறப் பிளாஸ்டிக் தண்ணீர்த் துப்பாக்கி. அக்கா அவற்றைப் பெயர் வைத்தே கூப்பிடுவார்: ஜப்பான், அமெரிக்கா, பாசார்.

"இந்தத் தண்ணித் துப்பாக்கி எதுக்குக்கா இதுல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பிடியின்ர சரிவைப் பாரும். ஜப்பான்காரனும் அமெரிக்காக்காரனும் நேராக்கிப் போட்டாங்கள். பாசார்தான் சரி. செய்தவனுக்கே அது தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒப்பிடும் வேலை நடக்கும். காலை வெளிச்சம்தான் சரியாம், பதினொரு மணிக்குமேல் மஞ்சள் ஏறிவிடுமாம். கேசட்டை ஓட்டிச் சரியான இடத்தில் நிறுத்துவார். படம் நடுங்கிக்கொண்டே நிற்கும். தொலைக்காட்சிக் கண்ணாடி மேல் ஊடுதாளை ஒட்டிப் பென்சிலால் வரைவார். அந்தப் பெண்ணின் கட்டைவிரல் நகத்தை வைத்து வளையத்தின் அகலத்தைக் கணக்குப் போடுவார். பிடியின் நிறத்துக்கு, பல் நிறம் பார்க்கிற சீப்பு ஒன்றை ஆஸ்பத்திரியில் இருந்து கொண்டுவருவார். பதினாறு பல் வரிசையாகக் கோத்த சீப்பு அது. ஒவ்வொரு பல்லாகத் தண்ணீரில் நனைத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடிப்பார். ஐந்து நொடிக்குமேல் பார்க்கக் கூடாது, கண் களைத்துப் பொய் சொல்லத் தொடங்கிவிடும் என்பார். உடனே நாற்காலியில் தொங்குகிற என் நீலப் புடவையைக் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்ப்பார். நீலம் கண்ணைக் கழுவிவிடுமாம். நான் தேங்காய் துருவிக்கொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பேன். கேலி செய்தாலும், என் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

எல்லாம் ஒப்பிட்டு முடித்து எதுவும் அதில்லை என்று ஆன பிறகு, தானே ஒன்று செய்ய ஆரம்பித்தார். இரண்டு வருடம் பிடித்தது. பிடியைப் பல் அக்ரிலிக்கில் வார்த்தார், பித்தளை வளையத்தைச் செந்தூலில் ஒரு பட்டறையில் கடைந்து வாங்கினார். குழலில் ஓட்டை, அசைகிற விசை, டக்கென்று விழுகிற நெம்புகோல். அதற்கு 'எங்கட', அதாவது எங்களுடையது, என்று பெயர். எங்கட பிடி, எங்கட வளையம். அது முடிந்த ஞாயிறு, கடைசி வார்னிஷ் பூசி, ஜன்னலோரம் நின்று, கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, தொலைக்காட்சியையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு, நான் அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னார்.

"டீச்சர். இதுதான் அது."

அந்த நேரத்தில் தெருவில் போன யாரோ மேலே பார்த்திருக்கிறார்கள். மாடி ஜன்னலில் ஒரு பெண் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அரை மணி நேரத்தில் படிக்கட்டில் பூட்ஸ் சத்தம். நம் நாட்டில் துப்பாக்கி விஷயத்தில் சட்டம் விளையாடாது, நிஜமானாலும் நகலானாலும். கையைத் தூக்கச் சொன்னார்கள். நான் தேங்காய்ப் பாதியோடு கையைத் தூக்கினேன். அக்கா முதலில் துப்பாக்கியைத் துண்டின் மேல் மெல்ல வைத்தார், பிறகு கையைத் தூக்கினார், பிறகு மலாயில் அந்தப் போலீஸ்காரரிடம் சொன்னார், "கவனம், வார்னிஷ் இன்னும் காயவில்லை."

காவல் நிலையத்தில் நான்கு துப்பாக்கிகளையும் மேசையில் வரிசையாக வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர், நடுவயது, நிதானமான மனிதர். பக்கத்தில் நம் தமிழ்ப் போலீஸ் சார்ஜன். இன்ஸ்பெக்டர் பாசாரை எடுத்து அழுத்திப் பார்த்தார், குப்பைத் தொட்டியில் தண்ணீர் பீச்சியது. அவரே சிரித்துவிட்டார். ஜப்பானைத் தட்டிப் பார்த்தார், எதுவும் அசையவில்லை. அமெரிக்காவின் குழலுக்குள் எட்டிப் பார்த்தார், ஓட்டையே இல்லை, கறுப்பு வர்ணம்தான். நான்காவதை எடுத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. விசையை அழுத்தினார், நெம்புகோல் டக்கென்று விழுந்தது. குழலுக்குள் விரல் நுனியை விட்டுப் பார்த்தார்.

"இது என்ன?" என்று கேட்டார்.

சார்ஜன் குனிந்து, தணிந்த குரலில் சொன்னார், "அக்கா, மலாய்ல 'மைனான்'னு சொல்லிடுங்க. விளையாட்டுச் சாமான், அவ்ளோதான். நாலையும் அப்படியே ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டீங்கன்னா ஐயா திட்டி அனுப்பிடுவாரு. அவரு நல்ல மனுஷன் லா."

"மற்ற மூண்டையும் எழுதலாம்," என்றார் அக்கா. "இதை எழுத ஏலாது."

"ஏன்க்கா?"

"இது சரியா இருக்குது."

எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. நானே மலாயில் குறுக்கிட்டேன். படத்தில் இருப்பதே பொய்த் துப்பாக்கி, அது உலகத்தில் எங்குமே கிடையாது, இல்லாத ஒன்றின் நகல் எப்படிக் குற்றமாகும் என்று வகுப்பில் கேட்கிற மாதிரி கேட்டேன். இன்ஸ்பெக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். "ஆசிரியை, தெருவில் நின்றவர் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. அவர் பார்த்தது துப்பாக்கியைத்தான். விளையாட்டுச் சாமான் என்று இவரே எழுதிக் கொடுத்தால் எச்சரித்து விடுவேன். எழுத மாட்டேன் என்றால் இது போலித் துப்பாக்கி. வழக்குப் போடுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை."

வழக்கு என்றால் அரசாங்க வேலை போய்விடும். அது அக்காவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்தப் பின்னறையைத் தவிர அவருக்கு வேறு உலகம் கிடையாது. கொஞ்ச நேரம் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கடையில் ஒரு சாமானை வேண்டாம் என்று சொல்கிற சாதாரணக் குரலில், "வழக்குப் போடுங்கோ," என்றார்.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டுத் தாளை இழுத்தார். "வீடு யார் பேரில் இருக்கிறது?"

"என் பேர்ல," என்றேன்.

"அப்படியென்றால் உங்கள் பேரையும் எழுத வேண்டும். உங்கள் வீட்டில்தானே கிடைத்தது."

எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டி என்னைப் படிக்க வைத்தவர். என் வேலைக் கடிதத்தைச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். அதை அவர் எப்படிக் கழற்றுவார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஆனால் நான் அழவில்லை. சத்தியமாக அக்காவைக் கெஞ்சவும் இல்லை.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சார்ஜனிடம் கையை நீட்டினார்.

"பேனையைத் தாரும்."

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு எழுதினார். மூன்று வரியும் மளமளவென்று வந்தன. நான்கு என்று எண் போட்டதும் கை நின்றது. சார்ஜன்கூட வேறு பக்கம் பார்த்தார். அக்கா அந்த ஒரு சொல்லை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். கீழ்வீட்டு அம்மாவின் ஆறுதலுக்குக்கூட ஒரு பொய் சொல்ல வாய் வராத மனுஷி, எனக்காக எழுதிக் கொடுத்தார்.

நான்கையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்து, துப்பாக்கியோடு ஜன்னல் பக்கம் இனி வரக் கூடாது என்று கண்டித்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் நான் சமையலறையில் போய் நின்றுகொண்டேன். என்ன சமைப்பது என்றே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அக்கா வேலை செய்யும்போது வருகிற அந்த அக்ரிலிக் திரவத்தின் காரமான வாசனை வந்தது. போய்ப் பார்த்தேன்.

ஒரு கிண்ணத்தில் இளஞ்சிவப்புப் பொடியைக் குழைத்துக்கொண்டிருந்தார். பல்செட்டுக்கு ஈறு செய்கிற பொடி. அதைக் கரண்டியால் எடுத்து நான்காவது துப்பாக்கியின் குழலுக்குள் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். விசைக்கும் நெம்புகோலுக்கும் ஏற்கெனவே பசை வைத்தாகிவிட்டது.

"அக்கா, என்ன பண்றீங்க? அதான் விட்டுட்டாங்களே. இனி யாரு வந்து பார்க்கப் போறா?"

"ஒருத்தரும் வர மாட்டினம்."

"அப்புறம் எதுக்கு இது? ரெண்டு வருஷமாச் செஞ்சீங்க."

"நான் கையெழுத்து வச்சனான் டீச்சர்," என்றார். குழைத்தது இறுகிவிடும் என்று கையை நிறுத்தாமல் பேசினார். "விளையாட்டுச் சாமான் எண்டு எழுதி வச்சனான். அது பொய்யாக் கிடக்கக் கூடாது. இப்ப சரி."

குழல் முனையில் ரோஜா நிறத்தில் ஒரு கட்டி நின்றது. பெருவிரலால் அதை வழித்து வட்டமாக்கினார். எதைச் செய்தாலும் சுத்தமாகச் செய்கிற கை. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். எனக்காக ஒருவர் இவ்வளவு செய்யலாம் என்று நான் நினைத்ததே இல்லை, இன்றைக்கு வரை வேறு யாரும் செய்ததும் இல்லை.

"அழாதேயும்," என்றார் அக்கா. "துருவின தேங்காய்ப்பூ பழுதாகப் போகுது. போய்ச் சம்பலை அரையும்."

அந்த வருடக் கடைசியில் எங்கள் பள்ளியில் பிள்ளைகளின் நாடகம். நிலாவுக்குப் போகிற கதை, நான்தான் எழுதியிருந்தேன். அட்டைப் பெட்டியில் கப்பல், அலுமினியத் தாளில் தொப்பி. அக்காவே ஒருநாள் நான்காவதைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "பிள்ளையளுக்கு உதவும். விளையாட்டுச் சாமான்தானே," என்றார்.

நாடகத்தைப் பார்க்கவும் வந்தார். மூன்றாவது வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மேடையில் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதை மேசையிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் பிடித்தாள். விளக்கு பித்தளை வளையத்தில் பட்டது. குழல் முனை பக்கவாட்டில் திரும்பியிருந்ததால் அந்த ரோஜா நிறம் எங்களுக்குத் தெரியவில்லை.

அக்காவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இளைஞர், யாரோ ஒரு பிள்ளையின் மாமா, நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். படத்தின் பெயரைச் சொன்னார். "ஆன்டி, நான் அந்தப் படத்த அஞ்சு வாட்டி பார்த்திருக்கேன். அந்தத் துப்பாக்கிய பாருங்களேன், அப்படியே அதுதான் லா. பிடியோட கலர்கூட அதே கலர். யாரு செஞ்சது தெரியுமா?"

அத்தனை வருடத்தில் அதை அடையாளம் கண்டு சொன்ன ஒரே ஆள். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் மேடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இல்லைத் தம்பி," என்றார். "அது வெறும் விளையாட்டுச் சாமான்."

நாற்காலிக்குக் கீழே என் கையைத் தேடிப் பிடித்தார். நாடகம் முடியும்வரை விடவில்லை.